அண்ணன் கொண்டுவந்த கார்

அந்தக் காரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் டெய்லரக்காவின் ஆசையைச் சொல்லியாக வேண்டும். சும்மா ஆசை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து புருஷனின் ஓட்டை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மழையில் தொப்பலாக நனைந்து, சர்ச்சுக்குள் போய்ச் சொட்டச் சொட்ட நின்று பாட்டுப் பாடியவள் அவள். பக்கத்தில் இருப்பவர்கள் நாசூக்காகத் தள்ளி உட்காருவார்கள். அந்த மானக்கேட்டில் பிறந்த ஆசை அது.

அவளுடைய அண்ணன் வெளியூரில் வியாபாரம் செய்து நன்றாகச் சம்பாதித்தவர். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். பார்த்தால், பளபளவென்று வெள்ளைக் கார்.

"ஏறு தங்கச்சி. இது உனக்குத்தான்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவைச் சுற்றி வந்தபோது காய்கறிக் கடைக்காரர் தன்னைப் பார்த்தாரா, அவர் பார்த்ததை அவர் மனைவி பார்த்தாளா என்பதுவரை கவனித்துக்கொண்டாள். வாயெல்லாம் பல்.

திரும்பி வந்ததும் புருஷன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். சட்டைப் பையில் எந்நேரமும் நட்டும் போல்ட்டும் கிடப்பதால் ஊருக்கே அவர் 'நட்டு'தான். மனுஷன் காரின் நிறத்தைப் பார்த்தாரா, சீட்டைத் தொட்டுப் பார்த்தாரா? ஊஹூம். நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்து கையால் அளந்தார்.

"மச்சான், இதுல ஒரு வீல் சேரைக்கூட மடக்கி வைக்க முடியாது போலிருக்கே."

அண்ணன் முகத்தில் ஈ ஆடவில்லை.

நட்டுவைச் சொல்லியும் குற்றமில்லை. பகலில் சைக்கிள் கடையில் மெக்கானிக் வேலை. வேலை விட்டு வந்தால் வீட்டை ஒட்டிய ஷெட்டுதான் கதி. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டவை, சர்ச்சில் யாராவது கொண்டுவந்து தள்ளியவை என்று உடைந்த வீல் சேர்களும் வாக்கர்களும் அங்கே மலையாகக் கிடக்கும். ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றுக்கு மாட்டி, வேண்டியவர்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார். கூலி வாங்காதது போதாதென்று டீயும் வாங்கிக் கொடுப்பார். கேட்டால், "எனக்குப் பிரசங்கம் பண்ண வராது, பாடவும் வராது. ஆண்டவர்கிட்ட என் ஸ்பேனரைத்தான் கொடுத்திருக்கேன்" என்பார். அவர் பாட்டைக் கேட்டவர்கள் அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள்.

அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "தெருவுல லாரி போக வர இருக்கு, ராத்திரிக்குள்ள ரெண்டு பக்கமும் கீறிடுவான். கார் ஷெட்டுலதான் நிக்கணும். விக்கறது, அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்கறது எல்லாம் கூடாது. என் தங்கச்சி எப்படி இருக்கான்னு நாலு பேருக்குத் தெரியணும். சனிக்கிழமை காரோட வர்றேன். அந்தப் பழைய இரும்பையெல்லாம் காலி பண்ணி வை மாப்ள."

நட்டு வாயைத் திறப்பதற்குள், "பண்ணிடலாம்ணே" என்றாள் டெய்லரக்கா.

"சரிம்மா" என்றார் அவர். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தாலாவது அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இந்தச் 'சரிம்மா'வோடு யார் மல்லுக்கட்டுவது? எரிச்சலாக இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை காலையில் நட்டு, சாமான்களைப் போட்டு வைக்க இடம் கேட்டுப் பாஸ்டரிடம் போனார். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சாமான் அறை உண்டு. மழை பெய்தால் வெளியே நிற்பதும் அதற்குள் நிற்பதும் ஒன்றுதான்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தாள். சின்னப் பெண், சிறு வயதிலிருந்தே கால் வராது. அவளுடைய வீல் சேரில் சீட்டுத் துணி ஒரு பக்கம் கிழிந்துபோக, அதைக் கயிற்றால் கட்டி, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் இல்லையாக்கா? திங்கக்கிழமை பரீட்சை. டீச்சர் வரமாட்டாங்கன்னு பசங்க குஷியா இருக்காங்க. அவங்க நினைப்புல மண்ணைப் போடணும்."

"அவர் இல்லம்மா. ஷெட்டையும் காலி பண்றோம். இனிமே இங்க…" டெய்லரக்கா இழுத்தாள்.

"கேள்விப்பட்டேன்! கார் வருதாமே! அய்யோ, எவ்வளவு நாள் மழையில நனைஞ்சீங்க. எனக்கே கார் வந்த மாதிரி இருக்குக்கா" என்றாள் டீச்சர். அதில் குத்தல் கிடையாது. நிஜமாகவே முகம் மலர்ந்துதான் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் டெய்லரக்கா பிழைத்திருப்பாள்.

"சரி சரி, இறங்கு. துணிதானே, நானே தைக்கறேன்."

டீச்சரைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். ஷெட்டிலிருந்து கெட்டித் துணியை எடுத்து வெட்டி, நாலாக மடித்து, மெஷினில் கொடுத்தாள். ஊசி 'டக்'கென்று உடைந்தது. "பாழாப்போன ஊசி!" அடுத்ததும் உடைந்தது. தடித்த ஊசியைத் தேடிப் போட்டு, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் ஓட்டி, திருகு முடுக்கிப் பொருத்தினாள். தாங்குமா என்ற சந்தேகத்தில் தானே ஏறி உட்கார்ந்து ஷெட்டுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். வாக்கர்களில் மோதி நாலைந்தைச் சாய்த்தாள். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனையோ பேருக்கு உடை தைத்துக் கொடுத்திருக்கிறாள். இப்படி ஒரு சந்தோஷம் இதுவரை வந்ததில்லை. இவ்வளவு நாளும் இதைத் தனியாகவே அனுபவித்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று புருஷன்மேல் பொறாமைகூட வந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்து கிளம்பிய டீச்சர் வாசலில் நின்று கேட்டாள். "அடுத்த தடவை எங்கக்கா வரணும்?"

"இங்கதான். வேற எங்க?"

யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சொன்னதை மாற்ற மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நட்டு ஒரு தள்ளுவண்டியோடு வந்து ஷெட்டிலிருந்த முதல் சக்கர நாற்காலியைத் தூக்கினார்.

"ஏங்க, அதைக் கீழ வைங்க."

"இன்னிக்கு மச்சான் வந்துடுவாரும்மா."

"வரட்டும். கார் வேண்டாம்னு சொல்லிடலாம்."

அவர் நாற்காலியை வைக்கவில்லை. "எனக்காகச் சொல்லாத. நான் உனக்குன்னு ஒண்ணும் வாங்கித் தந்ததில்ல. இதாவது வரட்டும்."

"நான் எப்பங்க கேட்டேன்?"

"நீ கேக்கல. அதான் கஷ்டமா இருக்கு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கோபத்தை வரவழைத்துக்கொண்டு, நாற்காலியை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பழைய இடத்தில் வைத்தாள்.

மத்தியானம் அண்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குதித்தார். "பழைய இரும்புக்காகக் காரை வேண்டாங்கறியா? பைத்தியமா உனக்கு?"

"ஆமாண்ணே. ஆனா கோபப்படாம இன்னும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ."

அண்ணனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கூட்டிப் போனார். அவளும் கண்ணாடியை இறக்கிவிட்டு ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கை ஆட்டினாள். வீடு வந்ததும் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். "சாப்பிட்டுட்டுப் போண்ணே" என்றாள்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெபம் பண்ணுவது எப்போதும் நட்டுதான். இன்றைக்கு அவள் முந்திக்கொண்டாள்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம். கார்மேல எனக்கு ஆசை போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. போகல. உங்ககிட்ட எதுக்குப் பொய்? ஆனா அந்த ஷெட்டுல நீங்க முன்னாடியே வந்து இருக்கீங்க. உங்களை வெளிய அனுப்பிட்டு அந்தக் கார்ல நான் எங்க போவேன்? எனக்கு இதுவே போதும்."

'ஆமென்' சொல்ல வேண்டிய நட்டு அவளையே பார்த்துக்கொண்டு அதை மறந்துவிட்டார். அண்ணன்தான் சொன்னார்.