ஐந்து நட்சத்திரமும் அக்காவின் முதுகும்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வேண்டியதே இல்லை. விமர்சகர் ஒருவர் ஒரு படத்தைப் பாராட்டி எழுத உட்கார்ந்தார், அவ்வளவுதான். (முதல் பிரதியில் ‘நான்’ என்றிருந்தது. அடித்துவிட்டேன். பழி விமர்சகர் மேல் போகட்டும்.)

படம் விண்கலத்தில் நடக்கிறது. காற்று எல்லோருக்கும் போதாது. ஆகவே, குலுக்கலில் எண் வந்தவர்கள் தாமாகவே நடந்துபோய்க் கடைசிக் கதவைத் திறந்து வெளியேற வேண்டும். யாரும் தள்ளுவதில்லை, யாரும் கத்துவதில்லை. இறுதிக் காட்சியில் ஒரு பெண் ஆஸ்பத்திரி அங்கி போல ஒன்றை மாட்டிக்கொண்டு நடக்கிறாள். முதுகு திறந்து கிடக்கிறது. நான்கு நிமிடம் கேமரா அவள் பின்னாலேயே போகிறது.

விமர்சகர் தேம்பித் தேம்பி அழுதார். ‘மனித மாண்பின் சிகரம்’ என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார்.

2.

கூடவே பார்த்த அக்கா அழவில்லை. முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர்.

“பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்கல்ல. ஒருத்தருக்குக்கூடவா அந்த அங்கி நாடாவைக் கட்டிவிடணும்னு தோணல?”

அது குறியீடு என்று விமர்சகர் அரை மணி நேரம் விளக்கினார். அக்கா துணி மடித்தபடியே கேட்டுக்கொண்டார்.

3.

அடுத்த மாதம் அக்காவுக்கே ஆபரேஷன். அதே மாதிரி அங்கி. வராந்தா முழுக்க ஆட்கள். பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்த விமர்சகர்

(இந்த வாக்கியத்தை ஆறு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் அவர் ஓடிப்போய் நாடாவைக் கட்டுகிறார். சுத்தப் பொய். இன்னொன்றில் ‘அப்படியே அந்த ஷாட்!’ என்று மெய்சிலிர்த்து நின்றுவிடுகிறார். அது நிஜம். படித்தால் என்னைக் காறித் துப்புவீர்கள். ‘விமர்சகரை’ என்று திருத்திப் படிக்கவும்.)

4.

அக்கா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். நான் இதை எழுதுவது எப்படியோ தெரிந்துவிட்டது.

“எழுதிக்கோடா. ஆனா நான் நடந்து போனதை மட்டும் எழுதாத. அன்னைக்குப் பாத்தவங்க பாத்ததே போதும்.”

அது இல்லாவிட்டால் கதையே இல்லை என்று கெஞ்சினேன். எப்பேர்ப்பட்ட தம்பி பாருங்கள். வெட்கமாக இருந்தது.

5.

முடிவு இரண்டு பக்கம். அடிக்கு அடி அந்த வராந்தா. சொல்லக் கூடாது, பிரமாதமாக வந்திருக்கிறது. கிழித்துப் போட்டுவிட்டேன் என்று முடித்தால் எனக்கு நல்ல பெயர். கிழிக்கவில்லை. மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

நீங்கள் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கேட்காதீர்கள்.