முதல் தண்ணீர்

உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குடங்களோடு தெருமுனையில் திரும்பியபோது, சங்குச் சத்தத்துக்கு நடுவே ஸ்வாதி நினைத்துக்கொண்டது அப்பாவை அல்ல, கான்கிரீட்டை. காற்று இப்படி அடிக்கிறதே, புது வீட்டு மேல்தட்டு காய்ந்து வெடித்துவிடுமே என்றுதான் நினைத்தாள். நினைத்த மறுகணம் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

நாலு பேர் நாலு முனையிலும் வெள்ளை வேட்டியை உயர்த்திப் பிடித்திருக்க, அதன் அடியில் பெரியப்பா மகன் பாண்டிராஜ் குடத்தைத் தோளில் சுமந்து வந்தான். அப்பா மாடனுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஸ்வாதி ஒரே மகள். அதனால் குடத்துக்கும் கொள்ளிக்கும் பாண்டிராஜ்தான். காற்றில் வேட்டி படபடத்து ஒரு முனை பிடித்தவர் கையை விட்டே போய்விட்டது. ஆனி மாதத்துத் தென்காசிக் காற்று சாரலோடு வந்தால் சொர்க்கம். இந்த வருஷம் சாரலை எங்கோ விட்டுவிட்டு வெறும் காற்று மட்டும் வந்திருந்தது.

அப்பாவை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து புறங்கையால் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு அவர் தலையில் வைத்தார்கள். ஸ்வாதியின் முறை வந்தது. அவர் நகக்கண்ணில் செம்மண் அப்படியே இருந்தது. நேற்று வரப்பு கட்டிய மண். குடங்களைச் சாய்த்தார்கள். எத்தனை ஊற்றியும் அந்த மண் போகவில்லை.

மேலகரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் திங்கட்கிழமைதான் மேல்தட்டு போட்டார்கள். அடுத்த வாரம் ஸ்வாதி மாலத்தீவுக்கு விமானம் ஏற வேண்டும். பெயரைச் சொன்னால் யாருக்கும் வாயில் நுழையாத ஒரு சின்னத் தீவில், பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர் வேலை. வேலை உறுதியான நாளிலிருந்து அவள் ஆலாய்ப் பறந்தாள். பகலில் பள்ளிக்கூடம், சாயந்தரம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் போனில் பாடம். ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருக்கும்போதே செங்கல் லாரிக்காரன் கூப்பிடுவான். சான்றிதழ்களில் முத்திரை வாங்கச் சென்னைக்கு ஒரு ஓட்டம், அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் திருநெல்வேலிக்கு ஒரு ஓட்டம். "ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு நிக்கா இவ. கல்யாணத்துக்கு வழியக் காணும், கடல் தாண்டப் போறாளாம்" என்று தங்கபுஷ்பம் அத்தை ஊரெல்லாம் சொன்னாள். அத்தை அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, யாருக்கும் பயப்படாதவள்.

அப்பா மட்டும், "நீ ஏறுததுக்குள்ள தட்டு போட்டிரணும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சையும் 'ரைட்' என்று சொல்லித்தான் முடிப்பார். சாரல் தொடங்கினால் கான்கிரீட் போட முடியாது என்று கொத்தனார் இசக்கிப்பாண்டியை நச்சரித்து நாள் குறித்ததும் அவர்தான்.

நேற்றுச் சாயந்தரம் தட்டின் மேல் செம்மண்ணைக் குழைத்துப் பாத்தி பாத்தியாக வரப்பு கட்டினார். அந்தப் பாத்திகளில் தண்ணீர் நின்றால்தான் கான்கிரீட் பலமாகும், இல்லையென்றால் வெடிப்பு விடும். கொத்தனார்கள் தனித்தனிக் கட்டமாகக் கட்டி ஒவ்வொன்றுக்கும் குழாயை இழுத்துப் போவார்கள். அப்பா ஒவ்வொரு வரப்பிலும் ஒரு சின்ன மடை வைத்தார். ஒரு பாத்தி நிறைந்தால் அடுத்ததற்கு வழியும், அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. ஓய்வுக்குப் பிறகு குத்தகைக்கு நெல் போட்டவர் அல்லவா.

"அண்ணாச்சி, நாத்து எங்க? நாளைக்கே நட்டுருவமா?" என்று இசக்கிப்பாண்டி சிரித்தான்.

"சிரிலே. நீ ரெண்டு நாளுல வேற வேலைக்குப் போயிருவ. இவ பிளேன் ஏறிருவா. நான் ஒருத்தன் பைப்பத் தூக்கிக்கிட்டு அலைய முடியுமா?" என்றவர் ஸ்வாதியிடம் திரும்பி, "அங்கன போயி இதயே நெனச்சுக்கிட்டுக் கெடக்காத. ஒரு சுவிச்சப் போட்டா அதுபாட்டுக்கு நெறஞ்சிரும்" என்றார்.

இன்று காலை விடிந்ததும் டீ பிளாஸ்க்கோடு வண்டியில் கிளம்பினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் போன் செய்தாள்.

"தண்ணி விட்டாச்சாப்பா?"

"இப்பதாம்மா வந்தேன். டீயக் குடிச்சிட்டு விடுதேன். ரைட்."

அதுதான் கடைசி. வேலைக்கு வந்த இசக்கிப்பாண்டி, செங்கல் அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைத் தூங்குகிறார் என்று நினைத்துத் தொட்டிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் முன்னாலேயே எல்லாம் முடிந்திருந்தது.

குளிப்பாட்டி முடித்து அப்பாவுக்கு வேட்டி கட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, ஸ்வாதி பந்தல் ஓரத்துக்குப் போனாள். இசக்கிப்பாண்டி காலையிலிருந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, தட்டுக்குத் தண்ணி..." என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணாச்சி விடலம்மா. பிளாஸ்க்கக்கூடத் தொறக்கல. வந்த ஒடனே மயக்கமா வந்திருக்கும் போல, கீழயே உக்காந்துட்டாக."

"யாரையாவது அனுப்ப முடியுமா?"

"கேட்டுப் பாத்தேன். பயலுவ வரமாட்டேங்கானுவ. வேலை நடக்குற எடத்துல உசிரு போயிருக்கு, ஒரு சேவல அறுத்துப் பூசை போடாம உள்ள கால வைக்க மாட்டோங்கானுவ. வெள்ளிக்கிழமை போட்டிருவோம். நான் ஒரு எட்டுப் போயிருப்பேன், எம் பொண்டாட்டி முழுகாம இருக்கா. அதாம்மா யோசனையா இருக்கு."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை வரை இந்தக் காற்றில் தட்டு என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பேச்சு அத்தையின் காதில் விழுந்துவிட்டது. "ஏட்டி, என்ன பேச்சு இது? எந்தம்பி இன்னும் வாசலத் தாண்டல. பால் காய்ச்சாத வீட்டுல தீட்டோட போயி நிக்கப் போறியா? பதினாறு முடியாம இந்த வீட்டுக்காரங்க ஒருத்தரும் அங்கன மிதிக்கப்பிடாது. வெளிநாட்டுப் பயணமும் கெடையாது, சொல்லிட்டேன்."

ஸ்வாதிக்குச் சத்தமில்லாத அழுகைதான் வந்தது. ஆனால் அந்த அழுகையில் பாதி அப்பாவுக்கு, பாதி அவர் கட்டிவைத்த வரப்புக்கு. அவர் ஆசையாய்க் கட்டினார், ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் நிற்பதைப் பார்க்காமல் போய்விட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் தூக்கினார்கள். தெருமுனை வரை பெண்கள் போனார்கள். அதற்கு மேல் ஆண்கள் மட்டும். கொட்டுச் சத்தமும் வெடிச் சத்தமும் சிற்றாற்றுப் பக்கம் நகர்ந்து மெலிந்தன.

திரும்பி வந்து வீடு முழுக்கக் கழுவிவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் குளித்தார்கள். ஸ்வாதியும் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு வந்தாள். அம்மா வள்ளித்தாய் அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பாரி வைத்தவர்கள் கட்டிப்பிடித்து உலுக்கியபோதுகூடக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சும்மாவே இருந்தாள். ஆபரேஷன் செய்த கண், அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏட்டி" என்றாள் அம்மா. "தட்டுக்குத் தண்ணி விடலியாமே."

"விடலம்மா."

"போயி விட்டுட்டு வா."

"அத்தை..."

"அவ கெடக்கா. நீ வெளிநாட்டுக்குப் போறதும் போகாததும் பொறவு பேசிக்கிடலாம். இப்ப அங்கன போ." அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களின் ஊடே குரல் வந்தது. "ராத்திரி வந்து தண்ணி விட்டாச்சான்னு அவுக கேட்டா, நான் என்னத்தச் சொல்லட்டும்?"

ஸ்வாதி பின்வாசல் வழியாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு சந்துக்குப் போய் அங்கே வைத்துக் கிளப்பினாள்.

குற்றாலம் ரோட்டில் சுற்றுலா வண்டிகள் சாரை சாரையாக நின்றன. சீசன் தொடங்கிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி வந்த கூட்டம். மேலகரம் திரும்பும் இடத்தில் ஒரு வேன்காரர் கையை நீட்டி அவளை நிறுத்தினார். உள்ளே துண்டும் சோப்பு டப்பாவுமாகக் குடும்பம்.

"அருவில குளிச்சிட்டா வர்றீங்க? தண்ணி விழுதா மேடம்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முடியிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரியலிங்க" என்றாள்.

புது வீடு வயலை ஒட்டித் தனியாக நின்றது. பக்கத்து மனைகளில் இன்னும் வேலி மட்டும்தான். வண்டியை நிறுத்தியபோது செங்கல் அடுக்கைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். அப்பாவின் பிளாஸ்க் மூடி கழற்றாமல் அங்கேயே இருந்தது. ஒரு துண்டு காற்றில் பறக்காதபடி அதற்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மனிதருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

படியில் கால் வைத்தவுடன் வழுக்கியது. குனிந்து பார்த்தாள். படி நனைந்திருந்தது. மேலே இருந்து ஒரு சின்ன வாய்க்கால் மாதிரித் தண்ணீர் படிப்படியாக இறங்கி, வயல் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. சாரல் விழுந்ததா என்று அண்ணாந்தாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

தட்டு முழுக்கத் தண்ணீர் நின்றது.

முதல் பாத்தியில் குழாயின் முனை ஒரு செங்கல்லுக்கு அடியில் செருகப்பட்டிருந்தது, துள்ளாமல் இருக்க. அதிலிருந்து தண்ணீர் கொப்பளித்து, மடை வழியாக இரண்டாவதற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு, மூலை திரும்பி அடுத்த வரிசைக்கு என்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. விளிம்பு வரை நிறைந்து, வெயில் பட்டு, காற்றுக்குச் சின்னச் சின்ன அலையாக அசைந்தது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் வெளியே சத்தம் போடாது. காலையில் பாத்திகள் நிறைவதற்கு முன்னாலேயே அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அதன் பிறகு யாரும் இந்தப் பக்கம் வரவில்லை.

அவர் டீயைக் குடித்துவிட்டுத் தண்ணீர் விடவில்லை. தண்ணீர் விட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பா" என்று கூப்பிட்டாள். காலையிலிருந்து அத்தனை பேருக்கு நடுவில் வாயை விட்டு வராத அழுகை அப்போதுதான் வந்தது. குந்தி உட்கார்ந்து, கேட்க ஆள் இல்லாத அந்த இடத்தில், சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

கடைசிப் பாத்தியின் வரப்பு ஒரு மூலையில் கரைந்து உடைந்திருந்தது. படியில் இறங்கிய தண்ணீர் அங்கிருந்துதான். பக்கத்தில் மிஞ்சிக் கிடந்த மண்ணை ஒரு கை அள்ளி, உடைப்பில் வைத்து அமுக்கினாள். கரைந்தது. இன்னும் ஒரு கை வைத்து, அப்பா நேற்றுச் செய்த மாதிரி உள்ளங்கையின் ஓரத்தால் தட்டினாள். நின்றது.

போன் அடித்தது. பாண்டிராஜ்.

"எல்லாம் முடிஞ்சிட்டும்மா. தீ வச்சாச்சு." "ஒன்ன வீட்டுல காணும்னு அத்தை சத்தம் போடுதாகளாம். எங்கன இருக்க? என்னமோ தண்ணி சத்தம் கேக்குது?"

"அப்பா தண்ணி விட்டிருக்காங்கண்ணே."

"சரி, மெதுவா வா" என்றான் பாண்டிராஜ்.

போதுமான தண்ணீர் நின்றுவிட்டது. இனி மோட்டாரை நிறுத்த வேண்டியதுதான். கீழே இறங்கிப் போனாள். தகரக் கொட்டகையில் சுவிட்ச் பெட்டியின் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. சுவிட்சின் மேல் செம்மண் ஒரு பெருவிரல் அளவுக்கு ஒட்டிக் காய்ந்திருந்தது. ஸ்வாதி தன் கையைப் பார்த்தாள், அதிலும் செம்மண். நிறுத்த விரலை நீட்டினாள்.

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, அந்தச் செங்கல் அடுக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நிறைந்த பாத்திகளின் விளிம்பைத் தாண்டி வயலுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.