திறந்தே கிடந்த கோப்பு

அவளுக்கு என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. "சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா" என்பான் கணவன். அது பொய்யும் இல்லை. பல அலுவலகங்களின் கணினிகளில் இருப்பதை எல்லாம் தினமும் நகலெடுத்து, எங்கோ தொலைவில் இருக்கும் கிளவுடில் பத்திரமாக வைத்திருக்கும் கம்பெனி அது. அந்த நொடியில் கணினி எப்படி இருந்ததோ அப்படியே எடுத்து வைக்கும் நகலுக்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். அப்படி எடுக்கும் வேலை ஒவ்வொன்றும் சுவரில் மாட்டிய பெரிய திரையில் ஒரு வரியாக ஓடும். ஓடிக்கொண்டிருந்தால் நீலம், ஒழுங்காக முடிந்தால் பச்சை, இடறினால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் உரியவர்களுக்கு மெயில் மேல் மெயில் போட்டு உயிரை வாங்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

எதையும் துருவித் துருவிப் பார்க்கும் குணம் அவளுக்கு. கல்யாணமான புதிதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை அது ஏன் நன்றாக ஓடுகிறது என்று பார்க்கக் கழற்றினாள். அதற்குப் பிறகு அது ஓடவில்லை. புகுந்த வீட்டில் அன்றைக்கே 'நோண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பே இல்லாத நாளில் மேனேஜர் எல்லாரையும் அரை மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் அந்த அறையில் பச்சையை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பச்சை என்றால் பை எடுத்துக்கொண்டு கிளம்பலாம், அவ்வளவுதான்.

அன்று மதியம் மேனேஜர் அவள் மேசைக்கு வந்தார். "இடம் நிரம்பி வழியுது. பழைய சிவப்பு எல்லாத்தையும் அழிச்சிடுங்க. தோத்துப்போன வேலையை வச்சுக்கிட்டு என்ன பண்றது? நான் மீட்டிங் போறேன். வரும்போது இருந்துச்சுன்னா நானே அழுத்திடுவேன்."

அழித்தால் அழித்ததுதான், திரும்பி வராது. ஆனாலும் தோற்றதை அழிக்க யாருக்கு மனம் வலிக்கும்? அவள் வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தாள். தவளை ஆய்வகத்தின் வரிகள் வந்ததும் கை நின்றது.

அந்த ஆய்வகம் அடுத்த தெருவில்தான் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவள் வேறு யாருமில்லை, கணவனின் அக்கா. குளம் குளமாகப் போய்த் தவளைகளின் சத்தத்தைப் பதிவு செய்வதே அவள் பிழைப்பு. ஏழு மழைக்காலங்களின் பதிவுகள் அவளிடம் உண்டு. முன்பு அவளுடைய வேலை தினமும் சிவப்பில்தான் முடியும். சொந்தக்காரி என்று சலுகை காட்டினால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்களே என்று, நோண்டி ஒருநாள் சற்றுக் காரமாகவே மெயில் எழுதி, ஆய்வக இயக்குநருக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். மறுநாளே பச்சை. மறுநாளிலிருந்தே அண்ணி அவளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். இரண்டு மாதமாக வீட்டுக்கு வந்தாலும் தம்பியோடு மட்டும் பேசிவிட்டுப் போகிறாள். நோண்டிக்கு அது உள்ளுக்குள் வலித்தது. ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்பாளா? அவளுக்கும் வீம்பு இருந்தது.

கையை நிறுத்தியது சண்டை இல்லை, அளவு. தோற்ற சிவப்பு நகல் ஒவ்வொன்றும் பூசணிக்காய் கணக்கில் பெருத்துக் கிடந்தது. ஜெயித்த பச்சை ஒவ்வொன்றும் வெறும் பூஜ்யம். எடுக்க ஆன நேரம் மூன்று விநாடி. மூன்று விநாடியில் ஏழு மழைக்காலத்தை நகலெடுக்க முடியுமா? தோற்றது ஏன் கொழுத்திருக்கிறது, ஜெயித்தது ஏன் காலியாக இருக்கிறது?

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "பச்சையைப் போய் யாராவது நோண்டுவாங்களா? அழிச்சிட்டுக் கிளம்புங்க. இன்னைக்கு சீக்கிரம் போகலாம்."

அவளுக்குத் தாங்கவில்லை. சிவப்பு ஒன்றைத் திறந்து பார்த்தாள். ஆயிரக்கணக்கான பதிவுகளில் ஒன்றே ஒன்று மட்டும் நகலாகவில்லை. 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று காரணம் போட்டிருந்தது. அந்த ஒன்றுக்காக மொத்த வேலைக்கும் சிவப்பு மை பூசிவிட்டது மென்பொருள். அடுத்த நாளைத் திறந்தாள். அதே கோப்பு. அதற்கடுத்த நாளும் அதே கோப்புதான்.

அண்ணிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரியும். மீட்டிங் அறைக் கதவு இன்னும் சாத்தியிருந்தது. வீம்பை மேசையிலேயே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஆய்வக அறையில் சேறு காயாத பூட்ஸுகள் ஜன்னலோரம் கவிழ்ந்து கிடந்தன. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். முகம் உடனே இறுகியது.

"என்ன, மறுபடி சிவப்பா? இயக்குநர் ரூம் அந்தப் பக்கம்."

"இல்ல அண்ணி, பச்சை. அதான் வந்தேன். பச்சையில ஒண்ணுமே இல்லையே, ஏன்?"

அண்ணி வெடித்தாள். "இயக்குநர் முன்னாடி என் மானத்தை வாங்கின! உனக்குப் பச்சைதானே வேணும்? ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, இதைக் காப்பி எடுத்துக்கோன்னு மாத்தி விட்டேன். சமர்த்தா பச்சையாயிடுச்சு. உங்க கண்ணும் குளிர்ந்துச்சு, என் நிம்மதியும் திரும்பி வந்துச்சு."

"அப்போ நிஜப் பதிவெல்லாம் எங்க இருக்கு?"

"போன வாரம் இதுல இடமில்லன்னு பழசை அழிச்சிட்டேன். அதான் முன்னாடி எடுத்த காப்பி உங்ககிட்ட இருக்குல்ல?"

"அண்ணி... அதைத்தான் இன்னைக்கு அழிக்கச் சொல்லியிருக்காங்க."

அண்ணியின் முகத்தில் கோபம் இருந்த இடமே தெரியவில்லை. நோண்டி மேனேஜருக்குப் போன் போட்டாள். நல்லவேளை, எடுத்தார்.

"எங்கம்மா போனீங்க? இப்பதான் வந்து உக்காந்தேன். 'நிச்சயமா அழிக்கவா'ன்னு கேக்குது. கையை வச்சிட்டேன்."

"எடுங்க சார்! கையை எடுங்க!"

"தோத்த வேலைக்கு எதுக்கு இப்படிக் கத்துறீங்க? தேவைன்னா அவங்க சொல்லட்டும், உரியவங்க."

உரியவள் பக்கத்தில்தான் நின்றாள். சொல்ல வேண்டுமென்றால் காலி ஃபோல்டர் கதையையும் சொல்லியாக வேண்டும். போன தடவை மெயிலுக்கே அப்படி அவமானப்பட்டவள். நோண்டி போனை நீட்டினாள். அண்ணி வாங்கி, ஒரு வார்த்தை மழுப்பாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு என்னோடதுதான் சார். அந்தச் சிவப்பு ஒண்ணுதான் இப்ப எனக்கு மிச்சம். வச்சிருங்க." மறுமுனையில் மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. வைத்திருக்கிறேன் என்றார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். நோண்டி அண்ணிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பாதி குடிக்கும்வரைதான் அவளால் பொறுக்க முடிந்தது.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், திட்டாதீங்க. ஒரே ஒரு கோப்பு மட்டும் தினமும் காப்பி ஆகாம நின்னிருக்கு. எப்பவும் யாரோ திறந்து வச்சிருந்திருக்காங்க. அதையும் போன வாரம் அழிச்சிட்டீங்களா?"

"அது மட்டும் அழியல" என்றாள் அண்ணி. "திறந்திருக்கிறதை அழிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு."

திரையைத் திருப்பிக் காட்டினாள். திறந்திருந்த மற்ற விண்டோக்களுக்கு அடியில் ஓர் ஒலிப்பதிவு பாதியில் நிறுத்தப்பட்டுக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலம்.

"அன்னைக்கு அம்மாவும் குளத்துக்கு வந்திருந்தா" என்றாள்.

அத்தை இறந்து ஒரு வருடமாகிறது. நோண்டிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்த கேள்வி வாயில் வரவில்லை.

அண்ணி ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அறை முழுக்கத் தவளைகள் கத்தின. அதற்கு நடுவே அத்தையின் குரல், கிட்டத்தில், சிரிப்போடு: "ஏண்டி, இதுங்கள்ல யாருடி பாடுறது, யாருடி திட்டுறது?" உடனே அண்ணியின் குரல், சீறிக்கொண்டு: "அம்மா! வாயைத் திறக்காத! எல்லாம் பதிவாகுது!"

அண்ணி நிறுத்தினாள். "இதுவரைக்கும்தான் கேப்பேன். தினமும். இதுக்கு மேல கேக்க தைரியம் வரல, மூடவும் மனசு வரல. அம்மா சத்தம் இது ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் நான் அவளை வாயை மூடச் சொல்லிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தம்பிகிட்டக்கூடச் சொல்லல."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"இருக்கு நிறைய. வெறும் தவளையாத்தான் இருக்கும்."

"கேக்கலாம் அண்ணி. முழுசா. நான் கூட இருக்கேன்."

அண்ணி அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஓட விட்டாள்.

தவளைகள் கத்தின. அத்தை பேசவில்லை. அவ்வளவு வாயாடி, கல்யாண வீட்டில் மைக்கையே தோற்கடிப்பவள், மகள் சொன்னதற்காகச் சேற்றில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். நடுநடுவே அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஒருமுறை தும்மலை அடக்கினாள். வெளியே தெருவில் வண்டிகள் போய் வந்தன. நோண்டியின் போன் அடித்தது, அவள் எடுக்கவில்லை. அண்ணி எப்போது தன் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று அவள் கவனிக்கவில்லை.

பதிவு முடிகிற இடத்தில் தவளைகள் சற்று ஓய்ந்தன. மிக மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, அத்தை கேட்டாள்:

"முடிஞ்சுதாடி? இப்பப் பேசலாமா?"

அதோடு கோப்பு முடிந்துவிட்டது. அண்ணி திரையைப் பார்த்து, "பேசும்மா" என்றாள்.