புகை இல்லாத மிஷின்

மாரிக்கண்ணன் அந்த மிஷினைக் கொண்டுவந்து கண்ணாடி மேஜைமேல் வைத்தபோது அதன் ஓரத்தில் ரத்தம் காய்ந்துபோயிருந்தது. அவனுடைய ரத்தம் இல்லை. அவன் ரத்தம் சிந்தி தாராவியில் யார் பார்த்தது? மாட்டுங்காவிலிருந்து கஞ்சா வாங்க வந்த ஆபீஸ்காரன் ஒருவன், சந்தில் இவன் தோளில் இடித்துவிட்டு ஒரு சாரிகூடச் சொல்லாமல் போயிருக்கிறான். அவ்வளவுதான் குற்றம். கூப்பிட்டு நிறுத்தி மூக்கை உடைத்து, பையைக் கவிழ்த்துக் கொட்டியதில் இது கிடைத்தது.

“ஏல டென்சிலு, இது என்னன்னு பாரு. டார்ச்லைட் மாதிரி இருக்கு, ஆனா ஊதுததுக்கு வாய் வச்சிருக்கான்.”

டென்சில் செல்போன் பழுது பார்க்கிறவன். நயன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஆறடிக்கு எட்டடியில் கடை. கடைக்கு மேலே இரும்பு ஏணி ஏறினால் அவனும் மனைவி ஷைனியும் குடியிருக்கும் அறை. மாரிக்கண்ணன் யார் என்று அந்தச் சந்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிசைகளை இடித்துவிட்டு மாடி கட்ட வருகிற ஒரு பில்டருக்காக, போக மாட்டேன் என்கிற குடித்தனங்களைக் காலி செய்து கொடுப்பது அவன் தொழில். போன மாதம் எதிர்வரிசைத் தையல்காரர் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் கையைப் பிடித்து அவருடைய தையல் மிஷின் ஊசிக்குக் கீழேயே வைத்து, காலால் மிதித்து ஓட்டினான். சந்து முழுக்க நின்று பார்த்தது. டென்சிலும் நின்றுதான் பார்த்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை, மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடையைத் திறந்துவிட்டான். வேறென்ன செய்வான், சொல்லுங்கள்.

டென்சில் மிஷினைத் திருப்பிப் பார்த்து, மூடியைக் கழற்றி மோந்து பார்த்தான்.

“கஞ்சா இழுக்கதுதான் அண்ணாச்சி. நெருப்பு வைக்க வேண்டாம். உள்ள சூடாகி இலையிலயிருந்து ஆவி மட்டும் வரும். புகை வராது.”

“புகை வராதா?”

அந்த ஒரு சொல்லில் மாரிக்கண்ணனின் முகம் மாறிப்போனது. பதினைந்து வயதிலிருந்து சிலிம் குழாயில் கஞ்சாப் புகை இழுத்துவருகிற நெஞ்சு அது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இருமலில் ரத்தம் வந்து, டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இனி ஒரு புகை உள்ளே போனாலும் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். டாக்டரையும் ஒரு அறை அறைந்துவிட்டுத்தான் எழுந்து வந்தானாம். ஆனால் எக்ஸ்ரேயை அறைய முடியாதே. பயம் உள்ளே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

“ஞாயித்துக்கெழமை மத்தியானம் வாரேன். ரெடி பண்ணி வை. எப்படி இழுக்கணும்னு நீதான் பழக்கிக் குடுக்கணும்.”

“எனக்கு இந்தப் பழக்கமே கெடையாது அண்ணாச்சி.”

மாரிக்கண்ணன் அவன் காதைப் பிடித்து, தலையை மேஜைக் கண்ணாடியில் வைத்து, ஒரு கையால் அமுக்கினான். கண்ணாடி நெறுநெறுத்தது.

“பழகிக்கோ.”

டென்சில் பழகிக்கொண்டான். உப்பிப்போன பேட்டரியை மாற்றினான். வாய்க்குழலில் பிசின் மாதிரி ஒட்டியிருந்ததை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். நாலு நாள் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷிலும் இந்தியிலும் யார் யாரோ சொல்லித்தந்த வீடியோக்களைப் பார்த்தான். கஞ்சாவைத் தொட மனம் வராமல், காய்ந்த துளசியைப் போட்டுப் பார்த்தான், பிறகு யூகலிப்டஸ் இலை. நூற்றைம்பது டிகிரி சூட்டில் வாசம் மட்டும் வந்தது. இருநூற்று முப்பதில் தீய்ந்த நாற்றம் அடித்தது. இரண்டுக்கும் நடுவில்தான் சங்கதி இருக்கிறது என்று அவனுக்குப் பிடிபட்டது. சீரகத்தை வாணலியில் போட்டால் கருகுவதற்கு முன்னால் ஒரு வாசம் கிளம்புமே, அந்த நேரத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும். வெளியே எடுத்தால் இலை சாம்பலாகாமல், வறுத்த நிறத்தில் அப்படியே இருந்தது. மூக்கடைப்பாக இருந்த ஷைனிகூட ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடிப்பதற்கு இது பரவாயில்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஷைனி செம்பூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதில் டென்சிலுக்கு நிம்மதி. மத்தியானம் மாரிக்கண்ணன் தனியாக வந்தான். ஷட்டரைக் கால்வாசி விட்டுவிட்டு மீதியை இறக்கினான். சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தான், இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“ம், சொல்லு.”

“விதையும் காம்பும் எடுத்திரணும் அண்ணாச்சி. மீதிய உதுத்து ரவை பதத்துக்குக் கொண்டாரணும். மாவாக்கிரக் கூடாது.”

உதிர்த்ததை மாரிக்கண்ணன் சிலிமில் அடைப்பது போலக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்தான்.

“அமுக்காதிய, காத்துப் போக வழி வேணும்.”

பொளேர் என்று ஒரு அறை. “எனக்கே சொல்லித் தாரியோ?”

நீர்தானே சொல்லித்தரச் சொன்னீர் என்று தொண்டை வரைக்கும் வந்ததை டென்சில் விழுங்கிக்கொண்டான். பாடம் கேட்க வந்தவன் வாத்தியாரை அடிக்கிற பள்ளிக்கூடம் அது. குச்சியால் இலையைத் தளர்த்திக் கொடுத்து, நூற்றெண்பதில் வைத்தான். விளக்கு பச்சையானது.

“சுடுசாயா உறிஞ்சுத மாதிரி மெதுவா இழுங்க. ரெண்டு இழுப்புப் போதும். அதுக்கப்புறம் கால் மணி நேரம் சும்மா இருக்கணும். பொறவுதான் இன்னும் வேணுமான்னு பாக்கணும்.”

மாரிக்கண்ணன் கன்னம் குழிய இழுத்தான். விட்ட மூச்சில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி இழுத்தான்.

“என்னல, வெறும் காத்து வருது.”

“அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி.”

பொறுமை அவன் வம்சத்திலேயே கிடையாது. இருபத்தைந்து வருஷமாகத் தொண்டை எரிவதையும் புகை சுருள்வதையும் பார்த்துத்தான் ஏறிவிட்டது என்று கணக்கு வைத்திருந்தான். இரண்டும் இல்லாததால், இந்தப் பயல் தன்னை ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டிவிட்டான். மிஷினைப் பிடுங்கி இருநூற்றுப் பத்துக்கு ஏற்றினான். முதல் அடைப்பை முடித்து இரண்டாவது அடைத்தான், அதையும் முடித்து மூன்றாவது அடைத்தான். ஒவ்வொரு தடவையும் டென்சில் வேண்டாம் என்றான், ஒவ்வொரு தடவையும் வயிற்றில் ஒரு குத்து வாங்கினான். மூன்றாவது குத்தில் மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

அதற்கப்புறம்தான் அது வந்தது. மாரிக்கண்ணன் திடீரென்று பேச்சை நிறுத்தினான். உதட்டை நக்கினான். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தான். கண் இரண்டும் ரத்தக் கட்டியாக இருந்தது.

“எனக்கு என்னத்தல குடுத்தே?”

“நீங்க கொண்டாந்ததுதான் அண்ணாச்சி.”

“வெஷம் வச்சிட்டே. தையக்காரன் சொல்லி வச்சிருக்கே.”

பாய்ந்து டென்சிலின் கழுத்தைப் பிடித்தான். இரண்டு கட்டைவிரலும் குரல்வளையில் இறங்கின. ஸ்டூல் சரிந்தது, ரேக் சரிந்தது, பழுதுக்கு வந்திருந்த போன்களெல்லாம் தரையில் சிதறின. டென்சிலுக்குக் கண் இருட்டியது. கை துழாவியதில் கத்தி கிடைத்தது. கிடைத்தது என்ன, உள்ளங்கையிலேயே வந்து உட்கார்ந்தது. மாரிக்கண்ணனின் விலா அரை முழத் தூரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குத்துதான், சந்தே நிம்மதியாகிவிடும். டென்சிலால் முடியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, அவனுக்கு அது வராது, அவ்வளவுதான்.

பிடி தானாகவே தளர்ந்தது. மாரிக்கண்ணன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினான்.

“நெஞ்சு நின்னுருச்சுல. நான் சாகப் போறேன். கையப் பிடிச்சுக்கோ, விட்ராத.”

“சாக மாட்டிய அண்ணாச்சி. கூடிப்போச்சு, அவ்வளவுதான். ரெண்டு மணி நேரத்துல எறங்கிரும்.”

கழுத்தில் விரல் தடம் பதிந்திருக்க, அந்த விரல்களையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் டென்சில். தண்ணீரில் சர்க்கரை போட்டுப் புகட்டினான். கதவைச் சாத்து, அவங்கெல்லாம் வாராங்க என்று மாரிக்கண்ணன் சிறுபிள்ளை மாதிரி அழுதான். அம்மா, அம்மா என்றான். பேன்ட் நனைந்து தரையெல்லாம் ஓடியது. டென்சில் மேலே ஏறிப் போய்த் தன் லுங்கியைக் கொண்டுவந்து, அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிவிட்டான். தரையையும் துடைத்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாரிக்கண்ணன் எழுந்து முகத்தைக் கழுவினான். கத்தியை எடுத்து லுங்கியில் செருகிக்கொண்டான். கண்ணில் பழைய ஆள் திரும்பி வந்திருந்தான்.

“இன்னைக்கு என்னல நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல அண்ணாச்சி.”

“யார் வாயிலயாவது கேட்டேன்னு வையி, ஒன் பொண்டாட்டி ஒன்ன அள்ளித்தான் எடுக்கணும்.”

வாயைத் திறக்கக் கூடாது என்று டென்சில் சத்தியமாகத்தான் நினைத்தான். ஆனால் ஷைனி வந்தவுடன் கழுத்தைப் பார்த்துவிட்டாள். லுங்கி எங்கே என்றாள். சொல்லிவிட்டான். சொல்லச் சொல்ல அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாரிக்கண்ணன் அம்மா அம்மா என்று அழுததை நடித்துக் காட்டினான், கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தான். அந்தப் பயல் மூத்திரம் போனதை நினைத்தால் வாங்கிய அடியெல்லாம் வட்டியோடு திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஷைனி சிரிக்கவில்லை.

“பாவம், அவ்வளவு பயந்துட்டாரா?”

“யார்ட்டயும் மூச்சு விட்ராத.”

“நான் யார்ட்டப் போயிச் சொல்லப் போறேன்?”

புதன்கிழமை காலையில் மாரிக்கண்ணன் மறுபடி வந்தான். லுங்கியைச் சலவை செய்து மடித்து மேஜைமேல் வைத்தான். இந்தத் தடவை சொன்னபடி கேட்டான். அளவாகப் போட்டு, மெதுவாக இரண்டு இழுப்பு இழுத்து, நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். இருமல் வரவில்லை. பத்து நிமிஷத்தில் முகம் இளகியது. நல்லாத்தாம்ல இருக்கு என்றான். டென்சிலுக்கு உயிர் வந்தது. இந்த மனுஷன் மிஷினை எடுத்துக்கொண்டு இந்தப் படியிறங்கிப் போய்விட்டால் போதும், மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று வேண்டிக்கொண்டான்.

அப்போது ஷைனி இரண்டு கிளாஸ் டீயோடு ஏணியில் இறங்கி வந்தாள். வந்தவருக்கு டீ கொடுப்பது அவள் பழக்கம். உடம்புக்கு முடியாமல் போனவரை முகத்துக்கு நேரே பார்த்தும் ஒரு வார்த்தை கேட்காமல் இருக்க அவளால் முடியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் டென்சில் சொல்லியிருந்தான். மாரிக்கண்ணனிடமே கேட்கக் கூடாது என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

“அண்ணாச்சி, அன்னைக்கு ரொம்ப முடியாமப் போச்சாமே. இப்பம் பயமெல்லாம் தெளிஞ்சிருச்சா?”

மாரிக்கண்ணன் டீயை வாங்கவில்லை. கிளாஸ் அவள் கையிலேயே நின்றது. அவன் டென்சிலைப் பார்த்தான். அப்புறம் ஷைனியை, காலிலிருந்து தலை வரைக்கும், எந்த இடத்தில் தொடங்கலாம் என்று பார்க்கிற மாதிரி பார்த்தான். கை மெல்ல இடுப்புக்குப் போனது.

டென்சில் எழுந்து ஷைனியை ஓங்கி அறைந்தான்.

ஒன்பது வருஷத்தில் அவன் அவள்மேல் விரல் வைத்ததில்லை. டீ அவள் கழுத்தில் கொட்டியது, கிளாஸ் உடைந்தது. “ஒன்ட்டக் கேட்டாங்களா? மேல போ” என்று கத்தினான். குரல் அவனுடையதாகவே இல்லை.

மாரிக்கண்ணனின் கை நின்றது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு ஊறி வந்தது.

“இன்னொண்ணு வை.”

டென்சில் அவனைப் பார்த்தான்.

“வைல. பாக்கேன்.”

ஷைனி அசையவில்லை. கன்னத்தில் கைகூட வைக்காமல் கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தில் தண்ணீர்க் குடத்தோடு இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். மாரிக்கண்ணன் கத்தியை எடுக்கவில்லை, இடுப்பில் தட்டிக்கொண்டுதான் இருந்தான். டென்சில் கையை ஓங்கினான். முதல் அடியைவிட இது பலமாக விழுந்தது, பலமாக இருந்தால்தான் நம்புவான் என்று அந்த நேரத்திலும் அவன் யோசித்திருந்தான். ஷைனி ஏணியில் மோதி உட்கார்ந்தாள். உதடு கிழிந்திருந்தது.

“பொம்பளைய இப்படித்தாம்ல வச்சிக்கிடணும்” என்று சொல்லிவிட்டு மாரிக்கண்ணன் மிஷினை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போகிறபோது டென்சிலின் தோளில் சொந்தக்காரன் மாதிரி ஒரு தட்டுத் தட்டினான். குடத்துக்காரிகள் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள்.

டென்சில் தரையில் உட்கார்ந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினான். அவளைத் தொடப் பயமாக இருந்தது.

“அவன் கை இடுப்புக்குப் போச்சு, நீ பாத்தியா? அவன் அடிச்சிருந்தா நீ இருந்திருக்க மாட்டே. பயத்துல என்ன செய்யுதம்னே தெரியல எனக்கு.”

ஷைனி முந்தானையால் உதட்டை ஒற்றி, ரத்தத்தைப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

“மொத அடி பயத்துல அடிச்சிய. எனக்குத் தெரியும், அது போட்டும். ரெண்டாவது அடிக்கு என்ன சொல்லப் போறிய?”