தெருவின் அகலம்

ரொட்டிக்கடைக்காரர் குடும்பத்தோடு சரகோசாவுக்குக் குடிபோன அன்று, வால்தெசெர்னா ஊரின் தேவாலயம் சதுக்கத்தை விட்டு ஒரு கோதுமை வயல் தூரம் தள்ளிப் போய்விட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோரியா மாகாணத்தில் ஆள் குறையக் குறைய நிலம் பெருகும். மாகாணம் காலியாகிறது என்று செய்தித்தாள்கள் வருடா வருடம் ஒப்பாரி வைத்தன. அந்தக் காலி இடமெல்லாம் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் மூடி வாத்தியாரம்மா போனபோது நீரூற்று கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் சென்றது. கொல்லர் மகன்கள் பார்சலோனாவுக்கு ரயிலேறியபின், சாராயக்கடைக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் பதினோரு பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருத்தி ஒப்துலியா, எழுபதை நெருங்கிய விதவை. எதிர்வீட்டில் அவளுடைய அக்கா செவெரினா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்ததுண்டு. ஒரு குளிர்காலத்தில் இரண்டே நாள், மூன்றாம் நாள் கொலை விழுந்திருக்கும். அதனால் ஒப்துலியா தன் வீட்டில் காய்ந்த ரொட்டி போட்டுப் பூண்டு சூப் வைத்து, சட்டியோடு தெருவைக் கடந்து அக்காவுக்கு ஊட்டிவிட்டு வருவாள். முன்பு அது எட்டு அடி அகலச் சந்து. இப்போது நடுவில் முட்புதரும் இரண்டு மேடும் ஒரு ஓடையும் இருந்தன. கிளம்பும்போது கொதித்த சூப் போய்ச் சேரும்போது ஆடை கட்டிவிடும். பல்லில்லாத செவெரினா ஒரு வாய் வாங்கிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். அவள் வீட்டு அடுப்போ புகைக்கூண்டு இடிந்து என்றோ செத்துப்போனது. ஜனவரி மூடுபனியில் ஒருநாள் ஒப்துலியா வழி தவறி, சட்டியோடு தன் வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள். அன்று அக்கா பட்டினி. இன்னும் இரண்டு பேர் ஊரைவிட்டுப் போனால் அக்கா செத்தே போவாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆகஸ்டில் மட்டும் நிலம் சுருங்கும். சான் ரோக்கே திருவிழாவுக்கு ஊர்விட்டுப் போனவர்கள் எல்லோரும் காரில் வந்து இறங்குவார்கள். சந்து பழையபடி எட்டு அடியாகிவிடும். வந்தவர்கள் ஆட்டிறைச்சி தின்று, குடித்து, நீரூற்றுக்குள்ளேயே வாந்தியெடுத்து, "ஆஹா, என்ன நிம்மதி இங்க! நீங்கல்லாம் கொடுத்துவச்சவங்க" என்று ஒப்துலியாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, குப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த எச்சில் முத்தங்களைக் கழுவ அவள் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். அருவருப்பு அப்போதும் போகாது.

ஊர்த்தலைவன் பெனிக்னோ அவளுடைய அண்ணன் மகன். அவனே சரகோசாவில்தான் குடியிருந்தான். இந்த மாகாணத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். நகரத்தில் வாழும் சொந்தக்காரர்களை எல்லாம் ஊர்க்குடிகள் என்று பதிவு செய்துவிட்டு வந்து நின்றான்.

"அத்தை, இப்ப ஊர்ல நாப்பது பேரு. இனிமே பாருங்க, தெரு தானா சுருங்கிடும்."

"எங்கடா அந்த நாப்பது பேரு? ஒருத்தனக் கூப்பிடு, இந்தச் சட்டியக் கொஞ்சம் தூக்கட்டும்."

நிலத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரு ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை.

அடுத்து பெனிக்னோ பன்றிப்பண்ணைக்காரர்களைக் கூட்டிவந்தான். எட்டாயிரம் பன்றிகள், மூன்று பேருக்கு வேலை. வேலைக்கு வந்த மூவரும் பக்கத்து ஊரிலேயே தங்கிக்கொண்டார்கள். ஒப்துலியா ஒரு படுக்கை விரிப்பில் "பன்றி வேண்டாம்" என்று பெரிதாக எழுதி மாடிக் கைப்பிடியில் கட்டினாள். லாரிகள் வந்தன. மறுநாள் காலை அவள் வழக்கம்போல் சால்வை போர்த்தி, கைத்தடி எடுத்து, சட்டியோடு வெளியே கால் வைத்தவள், அக்கா வீட்டுக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். தெரு இரண்டு அடிக்குச் சுருங்கியிருந்தது. தேவாலயம் சதுக்கத்தில் வந்து நெருக்கியடித்து நின்றது. நாற்றமோ மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, நாக்கில் உட்கார்ந்துகொண்டது. அவளுக்குச் சந்தோஷமும் குமட்டலும் சேர்ந்து வந்தன.

"பன்னியையும் ஆளுன்னு எண்ணுதாடா இந்த மண்ணு?"

"எதையோ எண்ணுது. தெரு சுருங்குச்சா இல்லையா, அத்தை?"

"த்தூ!" என்றாள் ஒப்துலியா. அவன் அதை நன்றி என்றே எடுத்துக்கொண்டான்.

அதன்பின் பன்றிகளைக் கறிக்கு ஏற்றிக்கொண்டு லாரி போகிற நாட்களில் தெரு அகலும், குட்டிகள் வந்து இறங்கினால் மறுபடி சுருங்கும். ஒப்துலியா லாரிச் சத்தம் கேட்டு, தெரு குறுகிய நேரம் பார்த்துச் சூப் வைக்கப் பழகினாள். ஓடையில் தண்ணீர் பச்சையாக நுரைத்தது, துவைத்த துணி துவைக்காததைவிட நாறியது. ஆகஸ்டில் விருந்தாளிகள் வந்தார்கள். சதுக்கத்திலேயே காரைத் திருப்பி, கண்ணாடியைக்கூட இறக்காமல் போய்விட்டார்கள். நிலம் அவர்களைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அன்று ஒப்துலியா மாடியிலிருந்து விரிப்பை அவிழ்த்து, எழுத்து உள்பக்கம் போக மடித்து, சூடான சட்டியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி எதிர்வீட்டுக்குள் போனாள். செவெரினா ஒரு வாய் வாங்கி முகத்தைச் சுளித்தாள்.

"நாறுதுடி."

"தெரியும்."

"ஆனா சூடா இருக்கு," என்று செவெரினா மறுபடி வாயைத் திறந்தாள்.