சைவப் பால்

பார்கவிக்கு வலி கண்டபோது ஏழு மாதம்கூட நிறையவில்லை. மராத்தி ஊரான ஔந்தின் ஆஸ்பத்திரியில் பிறந்த பையன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான் போலிருந்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அவளுக்கோ பால் சுரக்கவில்லை. பிழிந்து பிழிந்து மார் புண்ணானதுதான் மிச்சம்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். குறைமாதப் பிள்ளையின் குடலில் நல்ல கிருமிகள் இன்னும் குடியேறியிருக்காது. அவை தழைத்தால்தான் குடித்தது உடம்பில் ஒட்டும், எடை ஏறும். கெட்டவை முந்திக்கொண்டால் குடலே அழுகிப் போகலாம். அதற்குத் தாய்ப்பால்தான் நல்லது. இவள் பால் வரும்வரை ஆஸ்பத்திரிப் பால் வங்கியிலிருந்து கொடுக்கலாம். வேறு தாய்மார்கள் கொடுத்ததைச் சோதித்துச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள்.

மாமனார் ராமநாதன் திருநெல்வேலிச் சைவர். பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சட்டியில் ஆம்லெட் போட்டானா என்று விசாரிக்காமல் வடா பாவ் வாங்க மாட்டார்.

“எவளோ ஒருத்தி பாலையா? கறி தின்னவளோ மீன் தின்னவளோ, யாரு கண்டா? அதைக் கொண்டாந்து நம்ம புள்ள வயித்துல ஊத்தணுமாக்கும்! டப்பாப் பால் குடுக்கச் சொல்லு. பசும்பால்ல செஞ்சது, சுத்த சைவம்லா.”

அவள் கணவன் நிர்மல், கம்பெனியில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். அப்பா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. நேராக டாக்டரிடம் போய், வங்கிப் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பார்கவியும் பக்கத்தில்தான் இருந்தாள். நாளைக்கே பால் வந்துவிடும், எதற்கு வீண் சண்டை என்று சும்மா இருந்துவிட்டாள். அதை நினைத்தால் இப்போதும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

டப்பாப் பால் கொடுக்க ஆரம்பித்த அந்த வாரமே பிள்ளையின் வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. மலத்தில் ரத்தம். குடல் அழுகிவிட்டது என்று பாதிக்கு மேல் அறுத்தெடுத்தார்கள். டப்பாப் பாலால்தானா என்று பார்கவி கேட்டாள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது வரும். டப்பாப் பாலில் அபாயம் கூடுதல். உங்கள் பிள்ளைக்கு எதனால் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ராமநாதன் நிம்மதியாகச் சாப்பிட்டார், தூங்கினார்.

அதற்கப்புறம் வந்தது பாருங்கள் பால்! மாற்றி மாற்றித் துணி வைத்தும் ரவிக்கை நனைந்தது. யாருக்கு வேண்டும் இப்போது? பிள்ளைக்கு எல்லாம் நரம்பு வழியாகத்தான். பிறகு சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்தார்கள்; மிச்சமிருந்த குடலில் எதுவும் தங்கவில்லை, எடையும் ஏறவில்லை. ஃப்ரிட்ஜில் அவள் பால் நிறைந்து வழிந்தபோது, வங்கிக்குக் கொடுக்கிறாயா என்று நர்ஸ் சுஷ்மா தயங்கித் தயங்கி ஹிந்தியில் கேட்டாள். பார்கவி சரியென்றாள். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் நிர்மலும் வந்திருந்தார்கள். பக்கத்துப் பெட்டிக் குழந்தை அன்று வீட்டுக்குக் கிளம்பியது. அதன் அப்பா முகமது ரஃபீக், பக்கத்துத் தாபோடியில் வெல்டர், ஆம்பூர்க்காரர். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பர்ஃபி டப்பா. அவர் மனைவி பிரசவத்துக்குப் பின் நினைவில்லாமல் கிடந்ததால், அந்தக் குழந்தை வங்கிப் பாலில்தான் வளர்ந்தது.

“எங்கள்ல பால் குடுத்தவங்க தாய் முறைங்க, அவங்க புள்ளைங்களக் கட்டிக்க முடியாது. யாருன்னே தெரியாம எப்படி வாங்குறதுன்னு எனக்கும் மனசு அடிச்சிக்கிச்சு,” என்றார் ரஃபீக். “புள்ள பொழைக்கட்டும்னு சரின்னுட்டேன். இப்ப பாருங்க, கன்னம் வெச்சிடுச்சு.”

சுஷ்மா பெருமையாகப் பார்கவியைக் காட்டி, இவளும் வங்கிக்குப் பால் கொடுக்கிறாள் என்றாள். மாமனார் குதிக்கப் போகிறார் என்று பார்கவி நினைத்தாள். அவரோ பூரித்துப் போனார்.

“அட, சொல்லவே இல்லியேம்மா! யாரோ இல்ல தம்பி, எங்க வீட்டுப் பாலு உங்க புள்ளைக்கும் போயிருக்கும். சுத்த சைவமாக்கும். ஒரு உசிரைக் காப்பாத்துன புண்ணியம் எங்க குடும்பத்துக்கு.” சொல்லிவிட்டு ஒரு பர்ஃபியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பார்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிர்மல் அவள் கையைப் பிடித்து, “விடு பார்கவி, எல்லாரும் இருக்காங்க,” என்றான். அவள் உதறினாள்.

“இவருக்கும்தான் தயக்கம் இருந்துச்சு மாமா. முழுங்கிட்டாரு, புள்ளையத் தூக்கிட்டுப் போறாரு. நீங்க முழுங்கல. உங்க மகனும் நானும் வாயத் தொறக்கல. இப்ப எங்கிட்ட பாலிருக்கு மாமா. எம்புள்ளைக்குத்தான் குடல் இல்ல.”