பால்பாண்டியின் இடது கண்

மாமனார் மொக்கையனுக்குக் கண்ணில் புரை. மதுரை டாக்டர்கள் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பால்பாண்டி அவரைத் தன் ஜீப்பிலேயே கூட்டிவந்தான். மனைவி அன்னக்கொடியும் தகப்பனுக்குத் துணையாக வந்திருந்தாள். எண்பத்து மூன்றாம் வருஷம். பால்பாண்டிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி இறங்குவதுதான் அவன் சோலி. அந்த ரோட்டில் அவனைப் போல ஓட்ட ஆளில்லை என்று ஊரே சொல்லும். அவனும் மறுத்ததில்லை.

மொக்கையனுக்கு மதுரையில் ஆபரேசன் செய்யலாம் என்றார் டாக்டரம்மா. மாமனாரைக் கைத்தாங்கலாக எழுப்பித் திரும்பியவன், இடப்பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையை மிதித்துவிட்டான். அவள் துடித்துப்போனாள். அதைப் பார்த்த டாக்டரம்மா அவனை உட்காரச் சொன்னார். தனக்கு ஒரு குறையுமில்லை, வெரசாப் போகவேண்டும் என்று நழுவப் பார்த்தான். அன்னக்கொடிதான் விடவில்லை.

ஜன்னல்களுக்குப் போர்வை கட்டிய அறை; தலைக்கு மேல் ஒரு பல்பு. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எத்தனை விரல் என்று சொல்லச் சொன்னார் டாக்டரம்மா. பால்பாண்டி கொஞ்சம் காத்திருந்தான்.

"கரண்ட்டு போயிருச்சா டாக்டரம்மா?"

கையை எடுத்தான். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. மறுபடி பொத்தினான், இருட்டு. எடுத்தான், வெளிச்சம்.

பிறகு அவனை பெஞ்சில் படுக்கவைத்து, சொட்டு மருந்து விட்டு, மரத்துப்போன கண்களின்மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து அழுத்தம் பார்த்தார்கள். விளக்கடித்து உள்ளே பார்த்தார்கள். கடைசியாக டாக்டரம்மா அவனுக்கு எதிரே உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து ஒரு விரலை மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். நல்ல கண் என்று நினைத்திருந்த வலது கண்ணுக்கும், அந்த விரல் அவர் காதை நெருங்கிய பிறகுதான் தெரிந்தது.

கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பின்னாலுள்ள நரம்பைச் சாகடித்துவிட்டது என்றார். வலிக்காது, சிவக்காது, ஒரு கண் இன்னொன்றின் குறையை மறைத்துவிடுவதால் ஆளுக்கே தெரியாது. இடது கண்ணில் போன பார்வை திரும்பாது. வலது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற மருந்தும் ஆபரேசனும் வேண்டும்.

"நான் ஜீப்பு ஓட்டுறவன்" என்றான்.

"எந்த ரோட்டுல?"

"போடிமெட்டு."

எழுதிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. இனிமேல் வண்டியைத் தொடக்கூடாது என்று தணிந்த குரலில் சொன்னார்.

வாசலில் நின்ற அன்னக்கொடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் தினம் அந்த ஜீப்பில் போகிறவள்தான்.

"நேத்து நம்ம ஜீப்புல ராக்கு கைப்பிள்ளையோட உக்காந்திருந்தா" என்றாள்.

பால்பாண்டிக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. போன மாதம் ஒரு வளைவில், சுமையோடு நடந்துவந்த ஆள் மூட்டையைப் போட்டுவிட்டுப் பாறையோடு ஒட்டிக்கொண்டான். 'எங்கிருந்துடா மொளைச்ச' என்று பால்பாண்டி வைதான், வண்டியே சிரித்தது. அந்த ஆள் இடப்பக்கம் ரோட்டோரமாகவேதான் வந்திருக்கிறான்.

வெளியே வந்து ஜீப்பருகே நின்றான். ராசிங்காபுரத்து ஆட்களோடு முகாமுக்கு வந்திருந்த டிரைவர் சுருளிவேலைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினான். கேலி என்று நினைத்துச் சுருளிவேல் சிரித்தான்.

"எனக்கு ஒரு கண்ணு இல்ல மாப்ளே. நீ ஓட்டு" என்றான் பால்பாண்டி.

பால்பாண்டிக்கு மதுரையில் ஆபரேசன் நடந்தது. வலது கண்ணில் இருந்தது அப்படியே நிலைத்தது. தோட்டத்தில் காவல் வேலை கிடைத்து, வைகாசியில் சுருளிவேல் ஓட்ட, இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மலையேறினான். அத்தனை வருஷத்தில் அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. ஒரு வளைவில் கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்தான். சுருளிவேல் ரெண்டு கண்ணோடு ஓட்டியும், சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஓரமாகக் குந்தி வாந்தியெடுத்தான். பின்னாலிருந்த அன்னக்கொடி இறங்கிவந்து அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.